நாலு மணிப் படகும் நாற்பத்திரண்டரை நிமிடமும்

யூலியானா கெட்டிக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் வரும் அநியாயங்களில் பாதிக்கு மேல் அவள் கெட்டிக்காரியாக இருந்தபடியால்தான் நடந்தன. கொஞ்சம் மந்தமான பிள்ளையாக இருந்திருந்தால் நெடுந்தீவுச் சனம் நிம்மதியாக இருந்திருக்கும். இணைந்த கணிதத்தில் ஏ எடுத்துப் பல்கலைக்கழகம் போனவளை, பிரயோக கணிதத்தில் சிறப்புப் பட்டம் செய்யச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. தூய கணிதம் படித்தால் சோறு கிடைக்காது, பிரயோக கணிதம் என்றால் எங்கேயாவது பிரயோகிக்கலாம் என்பது ஊரின் கணக்கு. புத்தி சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தத் துறையின் வாசற்படியை மிதித்தவர் இல்லை.

அவளுடைய அப்பா சில்வெஸ்ரருக்குக் கடற்றொழில். முதலாம் வருட விடுமுறையில் அவள் குசினி மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருக்க, அவர் வலைக்கயிற்றை முடிந்தபடி வந்து கேள்வித்தாளை எட்டிப் பார்த்தார். “இலேசான நீட்டமுடியாத இழையொன்று ஒப்பமான கப்பியொன்றின் மேலாகச் செல்கின்றது” என்று எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“பிள்ளை, உந்தப் பாரமில்லாத, நீளாத கயிறு எங்கை விக்கினம்?”

“அது எடுகோளப்பா. அப்பிடி ஒரு கயிறு உலகத்திலை இல்லை.”

“இல்லாத கயிறை எத்தினை பேர் சேந்து இழுக்கிறியள்?”

“எங்கடை வகுப்பிலை பதினாலு பேர்.”

“அப்ப நல்லது. கை நோகாது” என்று சொல்லிவிட்டு அவர் தன்னுடைய பாரமான, நீளக்கூடிய கயிற்றோடு வெளியே போனார். யூலியானா அவரைப் பாவம் பார்த்தாள். படிப்பில்லாத மனிதர், இலட்சிய நிலைமை என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்தாள். அதை இப்போது நினைக்கும்போது அவளுக்கே முகம் சுடுகிறது.

பிரயோக கணிதத் துறையின் நடைமுறை எளிமையானது. முதலாம் வருடத்தில் உராய்வை நீக்குவார்கள். இரண்டாம் வருடத்தில் காற்றை நீக்குவார்கள். மூன்றாம் வருடத்தில் வெப்பம், ஈரம், பூமியின் சுழற்சி என்று தொல்லை தரும் மற்ற எல்லாவற்றையும் “புறக்கணிக்கத்தக்கவை” என ஒரே வரியில் எழுதித் தள்ளுவார்கள். நாலாம் வருடத்தில் நீக்குவதற்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று யூலியானா யோசிக்கவில்லை. அவள் சந்தோசமாக நீக்கிக்கொண்டிருந்தாள், புள்ளிகளும் சந்தோசமாக வந்துகொண்டிருந்தன.

துறைத் தலைவர் பேராசிரியர் பாலசிங்கம் இதில் கரைகண்டவர். மழையில் ஆகக் குறைவாக நனைவதற்கு எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்று கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியவர். அந்த வேகத்தில் ஒரே ஒரு நாள் நடந்து பார்த்து, சளி பிடித்து இரண்டு கிழமை லீவில் நின்றார். கட்டுரையில் பிழையில்லை, மழைதான் எடுகோள்களுக்கு அமையப் பெய்யவில்லை என்று திரும்பி வந்து விளக்கம் கொடுத்தார். மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். யூலியானா அதன்கீழே சிவப்பு மையால் கோடும் போட்டாள்.

இப்படி ஒருவருக்கும் உபத்திரவம் இல்லாமல் போய்க்கொண்டிருந்த துறைக்கு, அவளுடைய நாலாம் வருடத்தில் கொழும்பிலிருந்து ஒரு தர மதிப்பீட்டுக் குழு வந்து இறங்கியது. துறை அவர்களுக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவத்தில் பதினாலாவது பெட்டி, “இத்துறையின் ஆய்வுகள் சமூகத்துக்குப் பயன்பட்ட விதம்.” கடந்த முப்பது வருடமாக அந்தப் பெட்டியில் “பெட்டி 13ஐப் பார்க்க” என்று எழுதியிருந்தது. பதின்மூன்றாவது பெட்டியில் “பெட்டி 14ஐப் பார்க்க” என்று எழுதியிருந்தது. முன்பு வந்த குழுக்கள் எல்லாம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டன. இந்தக் குழுவில் இருந்த ஒரு மனிசிக்கு என்ன பிடித்ததோ, சாப்பாட்டுக்கு முதல் கேட்டுவிட்டார்: “பெயரில் பிரயோகம் இருக்கிறது. பிரயோகம் எங்கே?” ஆறு மாதத்துக்குள் ஒன்றைக் காட்டாவிட்டால் துறையைத் தூய கணிதத் துறையோடு சேர்த்துவிடுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தூய கணிதக்காரரோடு ஒரே தேநீர் அறையில் இருப்பதைவிடச் சாவது மேல் என்று துறைக் கூட்டத்தில் ஒரு மனதாக முடிவெடுத்தார்கள். எல்லா மாணவரின் விலாசங்களையும் எடுத்துப் பிரயோகிக்க ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார்கள். பதின்மூன்று பேர் வீட்டுப் பக்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினாலாவது விலாசம் நெடுந்தீவு.

“உம்மடை ஊரிலை கடல் இருக்குதெல்லோ?” என்று பேராசிரியர் பாலசிங்கம் யூலியானாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஓம் சேர். சுத்திவரக் கடல்தான்.”

“கடலிலை படகு ஓடும். படகுக்குச் சனம் காத்து நிக்கும். காத்திருப்பு நேரத்தை இழிவாக்கும், ஆகக் குறைச்சுக் காட்டும். இதுதான் உம்மடை ஆய்வு. தலைப்பை நான் இண்டைக்கே பதிஞ்சுபோடுறன். பதிஞ்ச தலைப்பைப் பேந்து மாத்த ஏலாது, விளங்கிச்சோ?”

“சேரும் ஒருக்கா வந்து பாத்தால் நல்லது.”

“நான் வந்தால் கடலைப் பாத்துப்போடுவன். பாத்தால் எடுகோள் எடுக்கிறது கஷ்டம்” என்றார் பேராசிரியர். அவர் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

யூலியானாவுக்குத் தலைகால் புரியவில்லை. துறையைக் காப்பாற்றப் போகிறவள் அவள். செய்தி அவளுக்கு முதல் நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா அல்போன்சம்மா கோயிலில் பூசை முடிந்து வருகிற ஒவ்வொருவருக்கும், மகள் முதலாம் வகுப்பில் பாஸ் பண்ணி அங்கேயே படிப்பிக்கப் போகிறாள் என்று சொன்னார். இன்னும் ஆய்வே தொடங்கவில்லை என்பது அம்மாவுக்குப் புறக்கணிக்கத்தக்கதாகத் தெரிந்தது.

யாழ்ப்பாணம் போய்த் திரும்புகிற தீவுச் சனம், பஸ்ஸில் புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வந்து படகேற வேண்டும். அங்கேயிருந்து நெடுந்தீவுக்கு ஒன்பது மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று மூன்று படகு. யூலியானா துறைமுனையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் வந்த நேரத்தை எழுதி ஒரு துண்டு கொடுத்தாள். படகு ஏறும்போது துண்டைத் திருப்பி வாங்கி, ஏறிய நேரத்தை அதில் எழுதினாள். இரண்டையும் கழித்தால் காத்திருப்பு நேரம். சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் முறை, அதனால்தான் அது இவ்வளவு ஆபத்தாகப் போனது.

நாலு மணிப் படகை ஓட்டும் தண்டையல் கந்தையா மூன்று நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலாம் நாள் கிட்ட வந்தார்.

“பிள்ளை, நேரத்தை எழுதி என்ன காணப்போறீர்? நான் மணிக்கூட்டைப் பாத்து வெளிக்கிடுறேல்லை. றோட்டைப் பாத்துத்தான் வெளிக்கிடுறது. யாழ்ப்பாணத்து பஸ் வந்து, கடைசி ஆள் இறங்கி வரோணும்.”

“அப்ப அந்த பஸ் பிந்தினால், முதல் வந்த ஆக்கள் காத்திருக்கினமெல்லே அண்ணை?”

“இருப்பினம். நாளைக்கு அவையும் பிந்தி வருவினம், அப்ப மற்றவை இருப்பினம்.”

யூலியானா கொப்பியில் “நாலு மணிப் படகு: சீரற்ற தாமதம், காரணம் தெரியவில்லை” என்று எழுதினாள்.

மூன்று கிழமை முடிவில் சராசரி நாளொன்று இப்படி இருந்தது. ஒன்பது மணிப் படகுக்கு இருபது பேர், ஆளுக்கு இருபது நிமிடம் காத்திருக்கிறார்கள். இரண்டு மணிப் படகுக்கு அறுபது பேர், ஆளுக்கு ஐம்பது நிமிடம். நாலு மணிப் படகுக்கு நாற்பது பேர், ஆளுக்கு நூற்றுப்பத்து நிமிடம். எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் ஆளொன்றுக்கு அறுபத்தைந்து நிமிடம். சில துண்டுகள் திரும்பி வரவில்லை. படகு நிறைந்துபோய் இடமில்லாமல் நின்றவர்கள், கடல் பொல்லாததென்று திரும்பிப் போனவர்கள் வைத்திருந்த துண்டுகள் அவை. ஏறிய நேரம் இல்லாமல் கழித்தல் செய்ய முடியாது. ஆகவே அவள், எதையும் வெறும் துகளாகப் பார்க்கும் துறை வழக்கப்படி, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரைவிலக்கணம் எழுதினாள்: “காத்திருந்து படகில் ஏறிய துணிக்கையே பயணி எனப்படும்.” பேராசிரியர் பாலசிங்கம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்து, “அழகு” என்றார்.

மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொண்டது. காத்திருப்பை ஆகக் குறைக்கும் தீர்வைக் கேட்டபோது அது தயங்காமல் சொன்னது: படகே வேண்டாம். படகில்லாவிட்டால் ஏறுவார் இல்லை, ஏறுவார் இல்லாவிட்டால் காத்திருப்பார் இல்லை, சராசரி பூச்சியம். யூலியானா பயந்துபோய்ப் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் சிரித்தார். பூச்சியம் எப்போதும் ஒரு தீர்வாக வரும், அதைக் கணிதக்காரர் கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு அடுத்ததை எடு என்றார். ஒரே படகென்றால் சராசரி எடுக்க அழகில்லை என்று அவர் பிறகு சொன்னபடி, இரண்டு படகை வைத்துக்கொண்டு நாலு மணிப் படகை மட்டும் நீக்கினாள். அறுபத்தைந்து நிமிடம் நாற்பத்திரண்டரை நிமிடமாக இறங்கியது. அன்றைக்கு விடுதியில் அவள் தோழிகளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தச் செய்தி தீவுப் படகுச் சேவை ஒருங்கிணைப்புச் சபையின் தலைவர் சிவபாதத்தின் காதுக்கு எட்டியது. நாலு மணிப் படகின் எஞ்சின் இரண்டு வருடமாக இருமிக்கொண்டிருந்தது. திருத்தவும் மனமில்லை, நிறுத்தவும் துணிவில்லை என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர், யூலியானாவின் வரைபைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பல்கலைக்கழக மண்டபத்தில் விழா வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பேராசிரியர் பதினாலாவது பெட்டியை நிரப்பிய படிவத்தைச் சபையோருக்கு உயர்த்திக் காட்டினார். சிவபாதம் உரையாற்றினார்.

“பெரியோர்களே, முன்பெல்லாம் நாங்கள் ஒரு படகை நிறுத்தினால் மக்கள் ஏன் என்று கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது. அது ஒரு நிருவாகத்துக்கு எவ்வளவு மனவேதனை என்பது உங்களுக்குத் தெரியும். இனிமேல் அந்தக் கவலை இல்லை. கேட்டால் சமன்பாட்டைக் காட்டுவோம். அது எங்களுக்கும் விளங்கவில்லை, மக்களுக்கும் விளங்காது. இதுதான் உண்மையான சமத்துவம். இந்தப் பிள்ளை எங்கள் தீவுகளின் சொத்து.”

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. யூலியானா மேடையில் பொன்னாடையோடு நின்று குனிந்து குனிந்து கும்பிட்டாள். முன்வரிசையில் இருந்த அல்போன்சம்மா, அந்தப் படகில்தான் தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மறந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை நாலு மணிப் படகு நின்றது. கந்தையாவை இரண்டு மணிப் படகுக்கு மாற்றி, இனி றோட்டைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்து வெளிக்கிட வேண்டும் என்று சபை கடிதம் கொடுத்தது. ஆய்வின் கடைசிக் கட்டம் வாய்ப்புப் பார்த்தல், அதாவது கணித்தது நடக்கிறதா என்று சரிபார்ப்பது. யூலியானா துறைமுனைத் தேத்தண்ணிக்கடை இலட்சுமிப்பிள்ளையிடம் துண்டுக் கட்டைக் கொடுத்து, வருகிற ஆட்களுக்கு நேரம் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். ஏறுகிறவர்கள் துண்டைப் போடப் படகில் ஒரு பெட்டி வைத்தாள். மூன்று கிழமை கழித்துப் பெட்டியைத் திறந்து கணக்குப் பார்த்தால் சராசரி நாற்பத்திரண்டு நிமிடம்! கணித மாதிரி சொன்னதும் நடந்ததும் அரை நிமிடம்தான் வித்தியாசம். பெட்டிக்கு வராத துண்டு எத்தனை என்று இலட்சுமிப்பிள்ளையிடம் கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை அவளும் இரண்டு மணிப் படகில் வீட்டுக்குப் போனாள். சரியாக இரண்டுக்குக் கயிறு அவிழ்ந்தது. தன் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். படகு ஒரு நூறு யார் தூரம் போயிருக்கும், யாழ்ப்பாணத்து பஸ் பிந்தி வந்து நிற்க, சனம் இறங்கித் துறைமுனைக்கு ஓடி வந்தது. ஒரு பெண் துணிக்கடைப் பையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். யூலியானாவும் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுக் கொப்பியில் எழுதினாள்: “பயணிகள் புதிய சேவையை உற்சாகத்துடன் வரவேற்கின்றனர்.” சுக்கானைப் பிடித்திருந்த கந்தையா கரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டில் அம்மா இல்லை. பட்டமளிப்புக்கு மகளுக்குச் சேலை எடுக்க யாழ்ப்பாணம் போனவர் வரவில்லை என்று அப்பா வாசலில் நின்றார். மறுநாள் ஒன்பது மணிப் படகில்தான் அல்போன்சம்மா வந்து சேர்ந்தார். இரவு புங்குடுதீவு மடத்துவெளியில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் படுத்திருக்கிறார். சேலைப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு, சட்டைக்குள் இருந்து வியர்வையில் ஊறிய ஒரு துண்டை எடுத்து மகளிடம் நீட்டினார். “பி.ப. 2.04” என்று இலட்சுமிப்பிள்ளையின் எழுத்து.

“இதை உன்னட்டைத் தாறதோ, பெட்டியிலை போடுறதோ? பெட்டி நேற்றே படகோடை போட்டுது.”

யூலியானா துண்டை வாங்கி நேரத்தைப் பார்த்தாள். “அம்மா, கரையிலை நிண்டது நீங்களோ?”

“நான்தான். கை காட்டினனான். நீயும் திருப்பிக் காட்டினாய். படிச்ச பிள்ளை, ஏதோ காரணமாத்தான் காட்டுறாய் எண்டு நினைச்சன்.”

அம்மா கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். அம்மா கோபிக்கவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யூலியானா அழுதாள். வரைவிலக்கணப்படி அல்போன்சம்மா பயணி இல்லை, காத்திருக்கவும் இல்லை. அந்தத் துண்டைக் கிழித்து எறிந்தால்தான் நாற்பத்திரண்டு நிமிடம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையே இலட்சுமிப்பிள்ளையிடம் போய் மிச்சத் துண்டுகளைக் கேட்டாள். “ஏறேலாமப் போற சனம் என்னட்டை எறிஞ்சிட்டுப் போகும். குப்பையிலை போட மனமில்லை, பிள்ளையின்ரை படிப்பெல்லே” என்று அவர் ஒரு பிஸ்கற் ரின்னைத் தூக்கிக் கொடுத்தார். அது நிறைந்திருந்தது. துண்டில் இருந்த நேரத்திலிருந்து மறுநாள் ஒன்பது மணிப் படகு வரை கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு நாற்பது பேர், ஆளுக்குப் பதினேழு மணித்தியாலம். அவர்களையும் சேர்த்தால் சராசரி நாற்பத்திரண்டரை இல்லை, முந்நூற்று அறுபத்தெட்டு நிமிடம்.

திங்கட்கிழமை சபைத் தலைவர் சிவபாதத்தின் கந்தோரில் போய் நின்றாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“பிள்ளை, நான் படகை நிப்பாட்டினது உம்மடை ஆய்வை வைச்சு. திருப்பி விடுறதெண்டால் அந்த ஆய்வு பிழையெண்டு பல்கலைக்கழகம் எழுதித் தரோணும்.”

“நானே எழுதித் தாறன் சேர். நான்தானே செய்தனான்.”

“நீர் மாணவி. உமக்குச் சரிபிழை சொல்ல அதிகாரமில்லை. பரீட்சகர்மார் உம்மை ஃபெயில் விட்டால், அந்தக் கடிதத்தோடை வாரும். அண்டைக்கே படகு ஓடும். நீர் பாஸ் பண்ணினால் படகு நிண்டது நிண்டதுதான். என்னாலை கணிதத்துக்கு மேலாலை போகேலாது.”

பட்டமா படகா என்று அவளுடைய வாழ்க்கை இரண்டு வரிக்குள் வந்து நின்றது. அவள் மூன்று நாள் யோசித்தாள். வீரமாக யோசித்தாள் என்று சொன்னால் பொய். முதலாம் வகுப்பு, உதவி விரிவுரையாளர் வேலை, பட்டமளிப்பு மேடை எல்லாம் கண்முன்னே வந்து கையைப் பிடித்து இழுத்தன. பிறகு கையசைத்த அம்மா வந்தார். கடைசியில் அவள் ஆய்வேட்டின் பின்னால் ஒரு பிற்சேர்க்கை போட்டாள். கரையில் நின்றுபோன ஒவ்வொருவரையும் தேடி விசாரித்து, ஆளுக்கு ஒரு வரி: வந்த நேரம், போக வேண்டிய காரணம், இரவு தங்கிய இடம், மறுநாள் ஏறிய நேரம். நிரல்கள் கூடிப்போய் அட்டவணை பக்கத்துக்குள் அடங்கவில்லை. இடதுபக்கம் கொஞ்சம் தள்ளி ஒருமாதிரி அடக்கினாள். இதை வாசிக்கிற எந்தப் பரீட்சகரும் தன்னைப் பாஸ் பண்ண விடமாட்டார் என்று நம்பினாள். நாலு வருடம் படித்தும் அவளுக்குத் தன் துறையைத் தெரிந்திருக்கவில்லை.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளிப் பரீட்சகராக வந்தவர் கலாநிதி பிரியதர்சினி. பக்கத்தில் பேராசிரியர் பாலசிங்கம் புன்னகையோடு இருந்தார்.

“என்ரை முடிவு பிழை” என்று யூலியானா தொடங்கினாள். “கரையிலை நிண்ட ஆக்களை நான் எண்ணேல்லை. எண்ணினால் காத்திருப்புக் குறையேல்லை, ஐஞ்சு மடங்குக்கு மேலை கூடிப்போச்சு.”

“தன்னுடைய மாதிரியின் எல்லைகளைத் தானே உணர்ந்திருக்கிறார்” என்று பிரியதர்சினி எழுதிக்கொண்டார். “பத்துக்குப் பத்து.”

“மிஸ், எல்லை இல்லை. பிழை. சனத்தை விட்டிட்டன்.”

“பிள்ளை, சனத்தைச் சேர்த்தால் மாதிரி குழம்பும்” என்றார் பாலசிங்கம் அன்பாக. “சனம் பஸ்ஸை விடும், சேலை எடுக்கும், வருத்தம் வந்து படுக்கும். அதுக்கெல்லாம் சமன்பாடு எழுதேலுமோ? அதாலைதான் நாங்கள் துணிக்கை எண்டு சொல்லுறது. துணிக்கைக்கு வீடு வாசல் இல்லை.”

யூலியானா வேறு வழி தேடினாள். கேட்கும் கேள்விக்கெல்லாம் பிழையாகப் பதில் சொன்னாள். நியூட்டனின் இரண்டாம் விதியைத் தலைகீழாகச் சொன்னாள், அது புதிய கோணம் என்றார்கள். தொகையீடு என்றால் என்னவென்று மறந்துபோச்சு என்றாள், அடக்கம் என்றார்கள். ஒரு கேள்விக்கு வாயே திறக்கவில்லை, ஆழமாகச் சிந்திக்கிறார் என்று அதற்கும் பத்துப் போட்டார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஃபெயிலாக முயற்சி செய்து, அதிலும் அவள் முதலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரியாக இருப்பதைப்போல ஒரு சாபம் கிடையாது.

பிரியதர்சினி ஒப்பமிடப் பேனையை எடுத்தார். கடைசியாக ஏட்டை ஒருமுறை புரட்டினார். பிற்சேர்க்கை வந்தது. அவருடைய கை நின்றது, முகம் கறுத்தது.

“இது என்ன?”

யூலியானாவுக்கு உயிர் வந்தது. “அவைதான் மிஸ், கரையிலை நிண்ட சனம். அறுபத்தோராம் பக்கத்திலை இருக்கிறது ஒரு பிள்ளைத்தாச்சி, துறைமுனையிலையே—”

“சனத்தை விடும். நான் கேக்கிறது இடது ஓரத்தை.”

அவர் கைப்பையிலிருந்து ஓர் அடிமட்டத்தை எடுத்தார். அளந்தார். அடுத்த பக்கத்தையும் அளந்தார்.

“முக்கால் அங்குலம். ஒன்றரை இருக்கோணும். ஏழாம் விதி, ஆனாப் பிரிவு. பத்துப் பக்கம்! பேராசிரியர், இதை நீங்கள் எப்படி அனுமதிச்சனீங்கள்?”

பாலசிங்கம் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். நாற்பது பேர் பதினேழு மணித்தியாலம் நின்றதைக் கேட்டு அசையாத மனிதர், ஏட்டை இழுத்துத் தானும் ஓரத்தை விரலால் அளந்து பார்த்தார். “புத்தகம் கட்டுறவன் நூலைக் கோத்தால் எழுத்தெல்லாம் உள்ளுக்கை போயிடுமே” என்றார், உண்மையாகவே கண்கலங்கி. “யூலியானா, உம்மட்டை நான் இதை எதிர்பார்க்கேல்லை.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்” என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு. மன்னிக்கவில்லை. “நிராகரிக்கப்பட்டது” என்று சிவப்பு மையில் எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள்.

சிவபாதம் சொன்ன சொல் தவறவில்லை. கடிதம் கிடைத்த அன்றே நாலு மணிப் படகை விட்டார். குறிகாட்டுவானில் அறிவித்தலும் ஒட்டினார்: “செல்வி சி. யூலியானாவின் ஆய்வு சித்தியடையாமையால், நாலு மணிச் சேவை மீண்டும் நடைபெறும். மேற்படி ஆய்வு திருத்தப்பட்டுச் சித்தியடையும் வரை மட்டும் இது செல்லுபடியாகும்.” இலட்சுமிப்பிள்ளை அதற்கு மழை படாமல் மேலே பொலித்தீன் போட்டுக் கட்டினார். கந்தையா மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி றோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

திருத்த வேண்டியது ஓரம் ஒன்றுதான். தலைப்பை மாற்ற முடியாது, அட்டவணையைப் படுக்கையாகத் திருப்பிப் போட்டால் பத்து நிமிட வேலை, அடுத்த கிழமையே பட்டம். எட்டு வருடத்துக்குள் எப்போதும் சமர்ப்பிக்கலாம். இப்போது மூன்றாவது வருடம் போகிறது. யூலியானா நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் ரியூசன் கொடுக்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஞாபகமூட்டல் கடிதம் வரும்போதெல்லாம் மறக்காமல் ஏட்டை அனுப்பி வைக்கிறாள். போன மாதமும் அனுப்பினாள். அதிலும் இடது ஓரம் முக்கால் அங்குலம்.

அன்றைக்கு நாலு மணிப் படகில், கொழும்பிலிருந்து கன காலத்துக்குப் பிறகு வந்த உறவுக்காரி ஒருத்தி அல்போன்சம்மாவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்து, அன்போடு கேட்டாள்: “என்ன மச்சாள், மகள் படிச்சு முடிச்சிட்டாளோ?”

படகில் இருந்த நாற்பது பேரும் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாதாவே, அப்பிடிச் சொல்லாதையும்” என்று அல்போன்சம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “இந்த முறையும் ஃபெயில்தான்.”